மேட்ச் இல்லாத வாரம்: பிராடென்டன் நாட்குறிப்பு

பிப்ரவரி 20, 2024, செவ்வாய்

கார் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிவிட்டு வீட்டிலிருந்து கிளம்பும்போது விடிகாலை நாலரை மணி. மதியம் டாம்பா விமான நிலையத்துக்கு வெளியே வந்ததும் அப்பா ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார். “இப்பதாம்ட்டி மனுசன் இருக்குத ஊருக்கு வந்திருக்கோம்” என்றார். நடுவில் விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். எந்த நிறுவனம் என்று சொல்லிப் பயனில்லை, மலிவு டிக்கெட் எடுத்தவளுக்கு வாய் கூடாது.

அப்பா நவம்பரில் தூத்துக்குடியிலிருந்து பிட்ஸ்பர்க் வந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று மாதமாக ஜன்னல் வழியே பனியைப் பார்த்துப் பார்த்து ஆளே வாடிப்போயிருந்தார். “வெயில் அடிக்கிற இடத்துக்குப் போவோம்ப்பா, பேஸ்பாலும் பார்க்கலாம்” என்று சொல்லிக் கூட்டி வந்திருக்கிறேன். அதில் ஒரு சின்ன மோசடி உண்டு. இந்த வாரம் மேட்ச் எதுவும் கிடையாது. சனிக்கிழமைதான் ஆட்டங்கள் தொடங்குகின்றன. நாங்கள் வெள்ளி இரவே திரும்பிவிடுவோம். லீவு அவ்வளவுதான் என்பது ஒரு காரணம். மேட்சை விட எனக்கு இந்தப் பயிற்சி வாரம்தான் பிடிக்கும் என்பது இன்னொன்று. இரண்டையும் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பேஸ்பால் பக்கமே போகாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மேஜர் லீகில் மொத்தம் 30 அணிகள். பிப்ரவரி நடுவில் பாதி அணிகள் ஃப்ளோரிடாவுக்கும் பாதி அணிகள் அரிசோனாவுக்கும் போய்க் கூடாரம் அடிக்கும். பந்து வீசும் பிட்ச்சர்களும் அதைப் பிடிக்கும் கேட்ச்சர்களும் முதலில் வருவார்கள், மற்றவர்கள் சில நாள் கழித்து. இதற்குப் பெயர் ஸ்பிரிங் டிரெயினிங். மார்ச் கடைசியில் 26 பேர் கொண்ட பட்டியல் வெளியாகும். அதில் இல்லாதவர்கள் அடுத்த மட்டமான மைனர் லீகுக்குப் போகவேண்டும், இல்லையென்றால் வீட்டுக்கு. எங்கள் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 1969 முதல் இதற்காகப் பிராடென்டனுக்கு வருகிறது.

ஃப்ளோரிடா அணிகள் ஆடும் இந்தப் பருவத்துக்குக் ‘கிரேப்ஃப்ரூட் லீக்’ என்று பெயர், நம் பப்ளிமாஸின் தம்பியான அந்தப் பழத்தின் பெயர்தான். 1915இல் டேடோனா பீச்சில் புரூக்ளின் அணியின் மேனேஜர் வில்பர்ட் ராபின்சன், விமானத்திலிருந்து விழும் பந்தைப் பிடித்துக் காட்டுகிறேன் என்று கீழே நின்றாராம். விமானம் ஓட்டிய ரூத் லா பந்துக்குப் பதிலாகக் கிரேப்ஃப்ரூட்டைப் போட்டுவிட, அது அவர் நெஞ்சில் வெடித்துச் சாறு தெறித்ததும் ரத்தம் என்று நினைத்துக் கத்தினாராம். பெயர் அப்படித்தான் வந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். காரில் இதைச் சொன்னதும் அப்பா கேட்டது ஒரே கேள்விதான்: “பொம்பள ஏரோப்ளேன் ஓட்டிருக்கா, 1915லயேவா?”

பிராடென்டனுக்குப் போகும் வழியில் டாம்பா பே ரேஸ் அணியின் கூரை போட்ட மைதானம் வரும். அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். 2018 ஜூலையில் நாங்கள் அந்த அணியிடமிருந்து கிறிஸ் ஆர்ச்சர் என்ற பிட்ச்சரை வாங்கினோம். பதிலுக்குக் கொடுத்தது டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ், ஷேன் பாஸ் என்று வளர்ந்துகொண்டிருந்த மூன்று இளைஞர்களை. ஆர்ச்சர் எங்களிடம் சோபிக்கவில்லை, கிளாஸ்னோ பெரிய ஆளானார். பிட்ஸ்பர்க்கில் ‘ஆர்ச்சர்’ என்று சொல்லிப் பாருங்கள், எதிரே இருப்பவர் கண்ணை மூடிக்கொள்வார்.

பிறகு ஸ்கைவே பாலம். மஞ்சள் கம்பிகள் விசிறி போல விரிந்து நிற்க, இரு பக்கமும் கடல். 1980 மே மாதம் ஒரு சரக்குக் கப்பல் மோதிப் பழைய பாலம் இடிந்ததில் 35 பேர் இறந்தார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்தவரிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. பாலம் முடியும்வரை கப்பல் எந்தப் பக்கம் வந்திருக்கும், பைலட் எங்கே தவறியிருப்பார் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார்.

பிப்ரவரி 21, புதன்

காலையிலேயே பைரேட் சிட்டி வாசலில் நின்றோம். பெயரைக் கேட்டுப் பெரிய நகரம் என்று நினைக்க வேண்டாம். ஒரு சாதாரணத் தெருவின் ஓரத்தில் அடுத்தடுத்து மைதானங்கள், பயிற்சிக் கூடம், மைனர் லீக் பையன்கள் தங்கும் அறைகள், அவ்வளவுதான். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கக் காசு கிடையாது. மடக்கு நாற்காலி, தொப்பி, தெர்மாஸ் சகிதம் பிட்ஸ்பர்க் பெரியவர்கள் எங்களுக்கு முன்பே வந்து இடம் பிடித்திருந்தார்கள். பாதிப் பேர் முதுகில் 21 என்ற எண். ரொபெர்ட்டோ கிளமென்ட்டே என்ற போர்ட்டோ ரிக்கோக்காரரின் எண் அது. சரியாக 3000 ஹிட் அடித்து 1972 சீசனை முடித்தார். அதே வருஷம் டிசம்பர் 31 அன்று நிலநடுக்கத்தில் நொறுங்கிய நிகராகுவாவுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிப் போன விமானம் கடலில் விழுந்து இறந்துபோனார். ஐம்பது வருஷம் கழிந்தும் பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் சட்டையை வாங்கிப் போட்டுவிடுகிறார்கள்.

அப்பாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டிய நேரம் வந்தது.

“மேட்ச் எத்தன மணிக்கு?”

“மேட்ச் இல்லப்பா. பிராக்டிஸ்தான்.”

என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் வேலியில் கையை ஊன்றி நின்றவர் ஒரு மணி நேரம் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஊரில் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆட்டங்களுக்கு இருபது வருஷம் அம்பயராக நின்றவர் அவர் என்பதை நான் கணக்கில் எடுக்க மறந்திருந்தேன்.

எங்கள் முன்னால் புல்பென், பிட்ச்சர்கள் வீசிப் பழகும் இடம். ஐந்தாறு மண் மேடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பிட்ச்சர், எதிரே ஒரு கேட்ச்சர் குந்தியிருக்கிறார். எல்லோரும் ஒரே நேரத்தில் வீச, கையுறையில் பந்து விழும் சத்தம் மாறி மாறிக் கேட்கிறது. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரியும். சிலருடையது ஈரத் துணியைக் கல்லில் அடிப்பது போல ‘தப்’. ஒருவருடையது மட்டும் தேங்காயைச் சிதறு உடைக்கிற சத்தம். கண்ணைத் திறந்து பார்த்தால் பால் ஸ்கீன்ஸ்.

ஆறரை அடி உயரம், வயது 21. போன ஜூலையில் நடந்த, புது ஆட்களை எடுக்கும் ட்ராஃப்டில் நாட்டிலேயே முதல் ஆளாக நாங்கள் எடுத்த பிட்ச்சர். கையெழுத்துப் போட்டதற்கே 92 லட்சம் டாலர், அதுவரை யாருக்கும் கொடுக்காத தொகை. அதற்கு முந்தைய மாதம்தான் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குக் கல்லூரிக் கோப்பையை வென்று கொடுத்திருந்தார். அந்த சீசனில் 209 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார்.

“ஏட்டி, இது எறி. கைமுட்டிய மடக்குதான் பாரு. பதினஞ்சு டிகிரிக்கு மேல இருக்கும். நோ-பால்.”

“இதுல எறியலாம்ப்பா. எறியறதுதான் ஆட்டமே.”

“அப்ப அம்பயருக்கு என்ன வேல?”

வேகத்தைச் சொன்னேன். இந்தப் பையன் மணிக்கு நூறு மைல், அதாவது 160 கிலோமீட்டரைச் சர்வசாதாரணமாகத் தொடுவான். ஷோயப் அக்தர் 2003 உலகக் கோப்பையில் வீசியது 161.3. அதுவும் ஓடி வந்து வீசியது, இவனோ நின்ற இடத்திலிருந்து வீசுகிறான். கிரிக்கெட்டில் 22 கஜம், இங்கே அறுபதரை அடிதான், ஐந்தடிக்கு மேல் குறைவு. தரையில் குத்தாமல் நேராக வரும். உலகத்திலேயே அதிவேகமாக, 2010இல் 105.8 மைல் வேகத்தில் வீசிய அரோல்டிஸ் சாப்மனும் இந்த வருஷம் எங்கள் அணியில்தான் இருக்கிறார் என்று சொன்னேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. வேலியில் இருந்த கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ட்ராஃப்டை விளக்குவதுதான் கஷ்டமாக இருந்தது. ஐபிஎல் ஏலம் மாதிரி பணத்தைக் காட்டி வாங்குவது கிடையாது, வரிசையில் நின்று பெயர் சொல்வது. மோசமாக ஆடிய அணிகளுக்கு வரிசையில் முன்னிடம். வேண்டுமென்றே தோற்கிறார்கள் என்று புகார் எழுந்ததால் 2022 டிசம்பரில் முதல் தடவையாகக் குலுக்கல் வைத்தார்கள். அந்த வருஷம் நூறு ஆட்டம் தோற்ற எங்களுக்கே குலுக்கலிலும் முதல் இடம் விழுந்தது. “தோத்தா பரிசா? நம்ம ஊர்ல இந்த ரூல் இருந்திருந்தா எங்க ஹார்பர் டீமுக்கு வருஷா வருஷம் ஒரு கபில் தேவ் கெடச்சிருப்பான்” என்றார்.

சிரித்தேன். ஆனால் பைரேட்ஸ் ரசிகர்களுக்கு இந்தப் பரிசைத் தவிர வேறு வழி கிடையாது. பேஸ்பாலில் சம்பளத்துக்கு உச்சவரம்பு இல்லை. போன டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணி ஜப்பானிய நட்சத்திரம் ஓடானிக்குப் பத்து வருஷத்துக்கு 70 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. எங்கள் அணியின் மொத்த சரித்திரத்திலேயே பெரிய ஒப்பந்தம் பிரையன் ரெனால்ட்ஸுடையது. எட்டு வருஷத்துக்குப் பத்தே முக்கால் கோடிக்குச் சற்றுக் குறைவு. வெளியிலிருந்து ஆளை வாங்க முடியாத அணி, வீட்டுத் தோட்டத்தில்தான் வளர்க்கவேண்டும். அதனால்தான் மற்ற ஊர்க்காரர்கள் நட்சத்திரங்களைப் பற்றிப் பேசும்போது நாங்கள் 19 வயதுப் பையன்களின் பெயர்களை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். வளர்த்த செடி காய்க்கும் நேரத்தில் வேலியோடு விலை பேசப்படும் என்பதும் தெரியும். 2011இல் முதல் ஆளாக எடுத்த கெரிட் கோல் 2018 ஜனவரியில் போனார். போன வருஷம் நியூயார்க் யாங்கீஸ் சட்டையில் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது வாங்கினார்.

நான் பிட்ஸ்பர்க் வந்தது 2012இல். 1993இல் தொடங்கி இருபது வருஷம் தொடர்ந்து வெற்றியை விடத் தோல்வி அதிகம் பார்த்த அணி என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அடுத்த அக்டோபரில் வந்தது, தோற்றால் வெளியே என்ற அந்த ஒற்றை ஆட்டம். மொத்த மைதானமும் கறுப்புச் சட்டையில், சின்சினாட்டி பிட்ச்சர் ஜானி குவேட்டோவின் பெயரை நாற்பதாயிரம் பேர் ராகம் போட்டு இழுக்க, அவர் கையிலிருந்து பந்து நழுவிக் கீழே விழுந்தது. அடுத்த பந்திலேயே ரஸ்ஸல் மார்ட்டின் ஹோம் ரன். தோழி வீட்டு டிவியில் பார்த்தேன். அன்று பிடித்த சனி, பதினோராவது வருஷமாக விடவில்லை.

மதியம் அப்பாவுக்கு ரொம்பப் பிடித்த காட்சி ஒன்று நடந்தது. நூறு மைல் வேகக்காரர்கள் எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றார்கள். ஒருவர் வெறும் கையால் வீசுவது போலப் பாவனை செய்வார், பயிற்சியாளர் பந்தைத் தரையோடு உருட்டி அடிப்பார், பிட்ச்சர் ஓடிப்போய் முதல் பேஸை மிதித்துக்கொண்டே பந்தை வாங்குவார். திரும்ப வரிசைக்கு. திரும்ப அதே. இருபது தடவை. கோடீஸ்வரனுக்கும் அதே வரிசை, எண்பது தொண்ணூறு என்று எண் போட்ட சட்டைக்காரனுக்கும் அதே வரிசை.

“இதத்தான் நானும் கத்திக் கத்திச் சொன்னேன். ஒருத்தன் கேட்டானா?” யாரிடம் சொன்னார், எந்த வருஷம் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 22, வியாழன்

இன்று நல்ல செய்தி. மிட்ச் கெல்லர் ஐந்து வருஷத்துக்கு 7.7 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பைரேட்ஸ் ஒரு பிட்ச்சருக்குக் கொடுத்ததிலேயே பெரிய தொகை. வேலியோரத்தில் தொலைபேசியைப் பார்த்த பெரியவர் ஒருவர் பக்கத்து நாற்காலிக்காரரைத் தட்டி எழுப்பிச் சொன்னார். 2014இல் எடுத்த பையன், 2021இல் அடி வாங்கி மைனர் லீகுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவன், போன வருஷம் ஆல் ஸ்டார். பத்து வருஷம் பொறுத்துப் பறித்த காயைச் சந்தைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். எனக்கு அப்பாவைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. அவர் அப்போது ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

இன்று நான் அதிகம் பார்த்தது ஜாரெட் ஜோன்ஸ் என்ற பிட்ச்சரை. எல்லோருடைய கேமராவும் ஸ்கீன்ஸ் பக்கம் இருக்கும்போது இந்தப் பையன் பக்கம் கூட்டமே இல்லை. வயது 22, 2020இல் இரண்டாவது சுற்றில் எடுத்தது. உயரம் ஆறடியை ஒட்டித்தான், ஆனால் கையில் அதே நூறு மைல். வீசி முடித்ததும் உடம்பு முழுவதும் முதல் பேஸ் பக்கம் சரிந்து கிட்டத்தட்ட விழப்போகிறார். ஒவ்வொரு பந்துக்கும் அப்படித்தான். கிளிப்பிள்ளை மாதிரி சீராக வீசுபவர்களை விட எனக்கு இந்த மாதிரி ஆட்களைத்தான் பிடிக்கும். இவர் ஏப்ரலில் பிட்ஸ்பர்க்கில் இருப்பார். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கீன்ஸ் இருக்க மாட்டார். கல்லூரியில் 122 இன்னிங்ஸுக்கு மேல் வீசியவர், ட்ராஃப்டுக்குப் பிறகு வீசியது ஏழு இன்னிங்ஸ் கூட இல்லை. கையைப் பார்த்துப் பார்த்துத்தான் இறக்குவார்கள் என்பது நியாயமான காரணம். இன்னொரு காரணமும் உண்டு. மேஜர் லீகில் 172 நாள் இருந்தால் ஒரு வருஷ சர்வீஸ். ஆறு வருஷம் சேர்ந்தால்தான் வீரர் விரும்பிய அணிக்குப் போகலாம். ஆக, தொடக்கத்தில் இரண்டு மூன்று வாரம் கீழே உட்கார வைத்தால் அணிக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் லாபம். சிறந்த புதுமுகம் விருதில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் முழு வருஷ சர்வீஸ் உண்டு என்று 2022 ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு முட்டுக்கட்டை போட்டிருக்கிறார்கள். இருந்தாலும் ஜூனுக்கு முன்னால் அவர் வரமாட்டார் என்பது என் கணிப்பு.

“நல்லா வேல செய்யுதவன வேலைக்கு எடுக்காம வச்சிருப்பானுவளா?” என்றார் அப்பா. துறைமுகத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்களை 240 நாள் முடியவிடாமல் நிறுத்திவிட்டு மறுபடியும் எடுப்பார்களாம். புரியவைக்க நான் மேற்கொண்டு மெனக்கெடத் தேவையிருக்கவில்லை.

பேட்டர்கள் பக்கமும் போனோம். ஓனீல் க்ரூஸ், ஆறடி ஏழங்குலம், அந்த உயரத்துக்கு ஷார்ட்ஸ்டாப், இரண்டாவது மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்பவர். 2022 ஆகஸ்டில் இவர் அடித்த பந்து மணிக்கு 122.4 மைல் வேகத்தில் சுவரில் மோதியது, அளக்கத் தொடங்கிய பிறகு அதுவரை யாரும் அவ்வளவு வேகமாக அடித்திருக்கவில்லை. போன ஏப்ரலில் ஓடி வந்து கேட்ச்சரோடு மோதிக் கணுக்கால் உடைந்து சீசன் முழுக்கப் போனது. இன்று சறுக்கும்போது அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாவது பேஸில் கீபிரையன் ஹேய்ஸ், நோலன் அரெனாடோ பத்து வருஷம் விடாமல் வைத்திருந்த, சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் க்ளவ் விருதைப் பறித்தவர். தரையோடு வரும் பந்தை ஏதோ கீழே விழுந்த பேனாவை எடுப்பது போல எடுக்கிறார்.

கேட்ச்சர் இடம்தான் கவலை. எண்டி ரோட்ரிகஸ் முழங்கை அறுவை சிகிச்சையால் இந்த வருஷம் முழுக்க இல்லை. 2021இன் முதல் தேர்வான ஹென்றி டேவிஸ்தான் பொறுப்பெடுக்க வேண்டும். அடிப்பார், இருபது ஹோம் ரன் நிச்சயம் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் ஆட்டங்கள் நடக்கும் லெகாம் பார்க்கைப் பார்க்கப் போனோம். கதவு சாத்தியிருந்தது. 1923இல் திறந்த மைதானம், வெள்ளைச் சுவரும் வளைவுகளுமாகப் பழைய ஸ்பானிய தேவாலயம் போல இருக்கும். கம்பி இடுக்கில் எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெளித்த புல், காலி நாற்காலிகள். ரிங்கு சிங், தினேஷ் படேல் கதையை அங்கேதான் சொன்னேன். உத்தரப் பிரதேசத்துப் பையன்கள், ஈட்டி எறிபவர்கள். ஒரு டிவி போட்டியில் வேகமாகப் பந்தெறிந்து ஜெயித்து, 2008 நவம்பரில் பைரேட்ஸோடு ஒப்பந்தம் போட்டு, இந்தப் பிராடென்டனில்தான் 2009இல் தொழில்முறை ஆட்டம் தொடங்கினார்கள். தினேஷை 2010இல் விடுவித்துவிட்டார்கள். ரிங்கு இன்னும் சில வருஷம் தாக்குப்பிடித்தார், பிறகு காயங்கள், பிறகு மல்யுத்த மேடை.

“அவனுவளுக்கு என்ன சம்பளம்?” அப்போது எவ்வளவோ. இப்போது இங்கே ஆடும் கீழ்மட்ட மைனர் லீக் அணியில், 2023 ஒப்பந்தத்துக்குப் பிறகு, வருஷத்துக்கு 26,200 டாலர். அதற்கு முன் 11,000. ஸ்கீன்ஸும் அந்தச் சம்பளக்காரப் பையனும் ஒரே வரிசையில் நின்று முதல் பேஸுக்கு ஓடுகிறார்கள்.

பிப்ரவரி 23, வெள்ளி

மைதானத்துக்குப் போகவில்லை. அப்பா கடல் பார்க்கவேண்டும் என்றார். கோர்ட்டெஸ் என்ற மீனவர் கிராமம் பக்கத்தில்தான். மர வீடுகள், வலை, படகுத்துறையில் கூழைக்கடாக்கள். இந்த ஊர் பிழைத்ததே ‘மல்லெட்’ மீனால் என்று பலகையில் படித்தேன். தட்டில் வந்ததும் அப்பா புரட்டிப் பார்த்துவிட்டு, “மடவையில்லா இது!” என்றார். புகை போட்ட மடவை. காரம் இல்லை என்பதைத் தவிர வேறு குறை சொல்லவில்லை, முள்ளைத் தனியாக வரிசையில் அடுக்கி வைத்திருந்தார்.

இந்த வருஷம் எத்தனை ஜெயிப்போம் என்று நண்பர்கள் கேட்டிருக்கிறீர்கள். போன வருஷம் ஏப்ரல் முடிவில் 20 வெற்றி, 9 தோல்வி என்று முன்னணியில் நின்றுவிட்டுக் கடைசியில் 76 வெற்றி, 86 தோல்வி என்று முடித்தவர்கள் நாங்கள். 81 ஜெயிப்போம் என்று சொல்லத்தான் வாய் வருகிறது. எங்கள் பேட்டர் ஆண்ட்ரூ மக்கட்சென் இன்னும் ஒரே ஒரு ஹோம் ரன் அடித்தால் முந்நூறு, அது மட்டும் உறுதியாக நடக்கும்.

இதை டாம்பா விமான நிலையத்திலிருந்து எழுதுகிறேன். அப்பா பக்கத்தில் இருக்கிறார், கழுத்தில் வெயில் பட்டுக் கறுத்திருக்கிறது.

“அந்த ஒசரமான பையன் எப்ப வருவான்னு சொன்ன?”

“ஜூன்ல.”

“எனக்கு மே எட்டாம் தேதில்லா டிக்கெட்டு.”

விசா கணக்கும் அதோடு முடிகிறது. கொஞ்ச நேரம் விமானங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப அந்த விழுந்து விழுந்து போடுத பையன்? அவன் வருவான்லா?”

பட்டியல் வெளியாக இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. ஏப்ரல் 5, பால்ட்டிமோருக்கு எதிராக ஊரில் முதல் ஆட்டம். ஏறச் சொல்லிக் கூப்பிடுவதற்குள் இரண்டு டிக்கெட் போட்டுவிட்டேன், மூன்றாவது பேஸ் பக்கம், புல்பென்னை விட்டுத் தள்ளித்தான் கிடைத்தது.